நம்பிக்கை மீட்பு வாரம்

நீதிமன்றங்களின் மீது பொதுமக்களுக்கு நம்பிக்கை குறைந்துகொண்டு வருவதாக மேலிடத்துக்கு ஒரு தகவல் போயிற்று. யார் சொன்னார்கள் என்று தெரியவில்லை. பொதுமக்கள் சொல்லியிருக்க முடியாது. அவர்களுக்கும் மேலிடத்துக்கும் பேச்சுவார்த்தை கிடையாது. எப்படியோ போயிற்று. மேலிடம் கவலைப்பட்டது. கவலைப்பட்டால் மேலிடம் வழக்கமாக என்ன செய்யுமோ அதையே இப்போதும் செய்தது: ஒரு வாரத்தை ஒதுக்கியது.

அப்படித்தான் திருச்சியில், எண்ணைச் சொல்ல விரும்பாத ஒரு கூடுதல் நீதிமன்றத்தின் வாசலில், ‘மக்கள் நம்பிக்கை மீட்பு வாரம்’ என்று பேனர் கட்டினார்கள். பேனரில் ஒரு தராசு, ஒரு புறா, ஒரு குடும்பம். குடும்பம் சிரித்துக்கொண்டிருந்தது. கோர்ட்டுக்கு வந்து சிரித்த குடும்பத்தை அதுவரை யாரும் பார்த்ததில்லை என்பதால் போகிறவர் வருகிறவரெல்லாம் நின்று பார்த்தார்கள். பக்கத்திலேயே செல்ஃபி எடுத்துக்கொள்ள ஆளுயர அட்டை ஒன்று. அதிலுள்ள ஓட்டையில் முகத்தை நுழைத்தால் கழுத்துக்குக் கீழே நீங்கள் நீதிதேவதை. கண்ணைக் கட்டிக்கொள்ளும் துணி தனியாக ஆணியில் தொங்கியது. படம் எடுத்ததும் அதைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

வாரம் என்றால் சுற்றறிக்கை இல்லாமலா? இருந்தது. அதன் சாரத்தைப் பெரிய எழுத்தில் போர்டாகவே மாட்டியிருந்தார்கள்: ‘இவ்வாரத்தில் இந்நீதிமன்றத்தை நாடி வரும் எவரும் கேட்கப்படாமல் திரும்பலாகாது. வந்தோர் அனைவரும் டோக்கன் வரிசைப்படி கேட்கப்பட்ட பின்னரே நீதிமன்றம் கலையும்.’

இதை எழுதியவருக்கு, யாரும் வரமாட்டார்கள் என்று திடமான நம்பிக்கை இருந்திருக்க வேண்டும். அந்த வாரத்தில் அந்த வளாகத்தில் காணப்பட்ட ஒரே நம்பிக்கை அதுதான்.

வாரத்தின் நடுவில், புதன்கிழமை காலையில், இளவேனில் அங்கே வந்து சேர்ந்தாள். திருவெள்ளறையிலிருந்து சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை நின்றுகொண்டே வந்து, அங்கிருந்து இன்னொரு பஸ் பிடித்து, செல்ஃபி அட்டையைச் சுற்றிக்கொண்டு உள்ளே போனாள். அரியமங்கலத்தில் வளவன் என்பவரின் இரும்புப் பட்டறையில் முன்பு கணக்கு எழுதிக்கொண்டிருந்தவள். முதலாளி வளவன் ஒருநாள் ஸ்டோர் ரூம் கதவைச் சாத்தினார். அதற்குப் பிறகு நடந்ததை இங்கே எழுதப்போவதில்லை. போலீஸ் ஸ்டேஷனில், ஆஸ்பத்திரியில், மாஜிஸ்திரேட் முன்னால், அப்புறம் குறுக்கு விசாரணையில் என்று அவள் அதை ஏற்கெனவே ஏகப்பட்ட பேருக்குச் சொல்லியாகிவிட்டது. இந்தக் கதைக்காகவும் ஒரு தடவை சொல்லு என்று கேட்பது முறையல்ல.

கீழ்க்கோர்ட் மூன்று வருஷம் கடுங்காவல் என்றது. வளவன் ஜாமீனில் இருந்தபடியே மேல்முறையீடு செய்தார். மொத்தம் ஆறு வருஷம் வழக்கு வாய்தா வாய்தாவாக நடந்தது. அத்தனை வருஷத்தில் வளவன் ஒரு ராத்திரிகூட தன் கட்டிலை விட்டு வேறெங்கும் படுத்ததில்லை. இன்று மேல்முறையீட்டில் முடிவு சொல்லும் நாள்.

வளவனுக்காக ஸ்ரீரங்கத்து மூத்த வக்கீல் வீரராகவன் எழுந்தார். அவர் எழுந்தாலே ஹாலில் கொஞ்சம் கற்பூர வாசனை வரும் என்பார்கள்.

“கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்தில் அடியேனின் ஒரே ஒரு விண்ணப்பம். என் கட்சிக்காரருக்கு முன் குற்றம் எதுவும் கிடையாது.”

“இந்தக் குற்றத்துக்கு முன்னால்?” என்றார் நீதிபதி.

“இந்தக் குற்றத்துக்கு முன்னால் கிடையவே கிடையாது. ரத்தக் கொதிப்பு உண்டு. கோடையில் நீர்மோர்ப் பந்தல் வைக்கிறார். எல்லாவற்றுக்கும் மேலாக, அவருக்கு ஒரு எதிர்காலம் இருக்கிறது.”

“வயது?”

“ஐம்பத்தெட்டு.”

நீதிபதி கண்ணாடியைக் கழற்றி எதிர்காலத்தைப் பார்த்தார். அது சந்தனக் கலர் சட்டை போட்டுக்கொண்டு கூண்டில் நின்றது.

“தவிரவும்,” என்றார் வீரராகவன், “இவர் உள்ளே போனால் பட்டறை மூடிப்போகும். அங்கே வேலை பார்க்கிறவர்களில் பாதிப் பேர் பெண்கள். அந்தப் பெண்களின் நலனை முன்னிட்டாவது இவரை வெளியே விட்டுவைக்க வேண்டுமென்று பிரார்த்திக்கிறேன்.”

இளவேனிலின் பக்கத்தில் அவளுடைய வக்கீல் வஹீதா உட்கார்ந்திருந்தாள். “இந்தாள் வாயிலேருந்து வந்தா எல்லாமே பிரபந்தம் மாதிரியே இருக்கு,” என்று முணுமுணுத்தாள்.

தீர்ப்பு வாசிக்கப்பட்டது. குற்றம் சந்தேகத்துக்கு இடமின்றி நிரூபணம். புகார் கொடுத்த பெண்ணின் துணிச்சலை நீதிமன்றம் ஒரு முழுப் பத்திக்குப் பாராட்டியது. பெண்களைத் தெய்வமாக மதிக்கும் நம் பண்பாட்டைப் பற்றி அடுத்த பத்தி. இப்படிப்பட்ட குற்றங்களை இரும்புக்கரம் கொண்டு ஒடுக்காவிட்டால் மக்களுக்கு நம்பிக்கை போய்விடும் என்று அதற்கடுத்த பத்தி. இளவேனில் நிமிர்ந்து உட்கார்ந்தாள். கடைசிப் பத்தியில் இரும்புக்கரம் வந்தது: மூன்று வருஷம் ரத்து. அதற்குப் பதிலாக, நீதிமன்றம் கலையும் வரை மெய்க்காவல்.

“அப்படின்னா என்னக்கா?” என்றாள் இளவேனில்.

“சட்டத்துல இருக்கற தண்டனைதான். இன்னிக்கு கோர்ட் கலையற வரைக்கும் இந்த ஹால்ல உட்காரணும். கலைஞ்சதும் வீட்டுக்குப் போலாம்.”

“உட்காரணுமா?”

“ஆமா.”

“உட்கார்ந்து?”

“அவ்வளவுதான். உட்காரணும்.”

தண்டனையை நிறைவேற்றும் பொறுப்பு டவாலி காத்தமுத்துவின் தலையில் விழுந்தது. வெள்ளை உடுப்பும் சிவப்புப் பட்டையுமாக அவர் ஹாலை ஒரு சுற்றுச் சுற்றி வந்தார். ஹாலில் சாய்மானம் உள்ள பெஞ்சு ஒன்றே ஒன்றுதான். ஃபேனுக்கு நேர் கீழே. அதன் ஓரத்தில்தான் இளவேனில் ஒவ்வொரு வாய்தாவுக்கும் உட்கார்வாள். காத்தமுத்து சங்கடத்தோடு அவள் முன்னால் வந்து நின்றார்.

“கொஞ்சம் எந்திரிங்கம்மா.”

“ஏன்?”

“அவரு உட்காரணும்.”

“வேற பெஞ்சுல உட்காரட்டுங்களேன்.”

“அதுல ஆணி இருக்கும்மா. ஆணி தண்டனையில சேராது. உட்காரணும்னு மட்டும்தான் உத்தரவு.” குரலைத் தாழ்த்தினார். “நீங்க கோச்சுக்கக் கூடாது. உங்களுக்கு இங்க உட்காரணும்னு சட்டமில்ல, வந்து உட்கார்றீங்க. அவருக்கு இப்ப சட்டப்படி இடம் ஒதுக்கியாச்சு.”

இளவேனில் எழுந்தாள். வளவன் தன் தண்டனையில் வந்து உட்கார்ந்தார். டிரைவர் ஒரு திண்டு கொண்டுவந்து முதுகுக்குக் கொடுத்தார். பட்டறை மேனேஜர் ஃப்ளாஸ்க்கில் காபி கொண்டுவந்தார். வர்த்தகப் பிரமுகர்கள் இரண்டு பேர் துக்கம் விசாரிக்கிற முகத்தோடு வந்து, சிறையில் இருப்பவருக்குத் தைரியம் சொல்லிவிட்டுப் போனார்கள். வளவனும் தாங்கிக்கொண்டார். இந்த அனுபவம் தன்னை உள்முகமாகப் பார்க்க வைத்திருப்பதாக அவர் போனில் யாரிடமோ சொல்வது கேட்டது. சாயங்காலம் ஃபேஸ்புக்கில் போடுவதற்காக மேனேஜர் அவரை ஜன்னல் கம்பி பின்னால் தெரிகிற மாதிரி ஒரு படமும் எடுத்தார்.

இளவேனில் சுவரோரமாக நின்றுகொண்டு பார்த்தாள்.

“மூணு வருஷம் போனா போகட்டும்க்கா,” என்றாள். “ஒரு ராத்திரி. ஒரே ஒரு ராத்திரி இந்தாள் வீட்டுக்குப் போகாம இருந்தா போதும். ஆறு வருஷமா நான் தூங்கல. இவர் ஒரு ராத்திரி தூங்கக் கூடாது.”

வஹீதா எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அங்கேயும் மாட்டியிருந்த சுற்றறிக்கைப் போர்டைப் படித்தாள். இன்னொரு தடவை படித்தாள்.

“இளவேனில், இங்க கூப்பிட்டா யார் யார் வருவாங்க?”

“எதுக்கு?”

“சும்மா ஒரு டோக்கன் வாங்கி, ஏதாவது ஒண்ணு கேக்கறதுக்கு. எல்லாரையும் கேட்டு முடிக்கற வரைக்கும் கோர்ட் கலையாது. அவங்களே எழுதி மாட்டியிருக்காங்க.”

இளவேனில் போனை எடுத்தாள்.

மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு நீதிபதி வந்து உட்கார்ந்தபோது ஹாலில் முப்பது பெண்கள் இருந்தார்கள். அவர் அவர்களைப் பார்த்தார். பேனரைக் கட்டியவரைத் தேடினார்.

முதல் டோக்கன், அரியமங்கலத்தில் இளவேனிலோடு வேலை பார்த்த பெலிண்டா. “ரேஷன் கார்டுல எங்க வீட்டுக்காரர் போட்டோவுக்குப் பதிலா வேற ஒருத்தர் போட்டோ வந்திருக்குங்கய்யா.”

“அதை மாற்ற வேண்டுமா?”

“வேணாம்ங்கய்யா. இவரு நல்லா இருக்காரு. வீட்ல இருக்கறவரை மாத்த முடியுமான்னு கேக்க வந்தேன்.”

‘மனுதாரர் கேட்கப்பட்டார்’ என்று எழுதிக்கொண்டார் பெஞ்ச் கிளார்க்.

அடுத்தது ஸ்ரீரங்கம் அரவிந்தவல்லி மாமி. அவர் ஒன்பது கஜத்தை இழுத்துச் செருகிக்கொண்டு நேராக விஷயத்துக்கு வந்தார். “எங்காத்துக்கு மேல் மாடியில ஜும்பா க்ளாஸ் நடத்தறா. கார்த்தால ஆறு மணிக்கு எல்லாரும் சேர்ந்து குதிக்கறா. கீழே எங்க பெருமாள் சன்னதியில மணி தானா அடிக்கறது. தளிகை இன்னும் அடுப்புலேயே இருக்கு, பெருமாளுக்கு அமுது செய்யற நேரம் வந்துட்டதுன்னு மணி சொல்றது. பெருமாள் என்ன நினைச்சுப்பார்?”

“என்ன நிவாரணம் கேட்கிறீர்கள்?”

“குதிக்க வேண்டாம்னு சொல்லலை. உடம்பு அவா அவாளுது. அரை மணி தள்ளிக் குதிக்கட்டும்.”

இப்படியே நடந்தது. சேவல் மேல் ஒரு மனு. மருமகள் வாங்கிய ஏர் ஃப்ரையர் மேல் ஒரு மனு. அதில் வறுத்த அப்பளத்தை அப்பளம் என்று சொல்லலாமா என்று நீதிமன்றம் அறிவிக்க வேண்டும். ஒவ்வொரு மனு முடியும்போதும் வாசலில் இரண்டு பெண்கள் புதிதாக வந்து டோக்கன் கேட்டார்கள். விஷயம் சத்திரம் பஸ் ஸ்டாண்டு வரை போயிருந்தது. காத்தமுத்து டோக்கன் கட்டு தீர்ந்துபோய், பக்கத்து கேன்டீனில் சாப்பாட்டு டோக்கன் வாங்கிவந்து கொடுத்தார்.

நாலு மணிக்கு வளவனின் ஃப்ளாஸ்க் காலியாயிற்று. நாலரைக்கு முதுகு வலித்தது. ஐந்து மணிக்கு அவர் வீரராகவனைக் கூப்பிட்டுக் காதில் ஏதோ சொன்னார். வீரராகவன் எழுந்தார்.

“கனம் கோர்ட்டார் அவர்கள் கவனிக்க வேண்டும். தூக்குத் தண்டனைக்குக்கூட ஒரு தேதி, ஒரு நேரம் உண்டு. என் கட்சிக்காரருடைய தண்டனை முடிவே இல்லாமல் போய்க்கொண்டிருக்கிறது. அவரை உடனே விடுவிக்க ஒரு மனு தாக்கல் செய்கிறேன்.”

நீதிபதியின் முகத்தில் முதல் தடவையாக வெளிச்சம் வந்தது. அவர் கையை நீட்டினார். பெஞ்ச் கிளார்க் குனிந்து மெதுவாகச் சொன்னார்: “ஐயா, டோக்கன்.”

“என்ன டோக்கன்?”

“வரிசைப்படிதான் கேட்கணும்னு சுற்றறிக்கைங்கய்யா. மனு போடறவர் யாராயிருந்தாலும்.”

காத்தமுத்து வளவனிடம் ஒரு டோக்கனைக் கொடுத்தார். ‘சாம்பார் சாதம்’ என்று அச்சடித்திருந்தது. பின்பக்கம் பேனாவால் எண் போட்டிருந்தது. வளவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். அவருக்கு முன்னால் நூறு பேருக்கு மேல் இருந்தார்கள். ஆறு வருஷத்தில் அன்றைக்குத்தான் இளவேனில் சிரித்தாள். வஹீதா அவள் கையைப் பிடித்து அழுத்தினாள்.

அடுத்து வியாகுலம்மாள் வந்தார். சத்திரம் பஸ் ஸ்டாண்டில் வேர்க்கடலை விற்கிறவர். இளவேனில் கூப்பிட்டபோது, “கூட்டத்துக்கு ஆள் வேணும்னா வரேன், ஆனா எனக்கு என்ன கேக்கறதுன்னு தெரியாதே,” என்றுதான் வந்தார். பஸ் ஸ்டாண்டு காக்காய்களைப் பற்றி ஏதாவது சொல்லுங்கள் போதும் என்று வஹீதா சொல்லிக் கொடுத்திருந்தாள். வியாகுலம்மாள் கூண்டுக் கட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

“சொல்லுங்கம்மா,” என்றார் நீதிபதி, கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டே.

“எனக்கு அப்பப் பதினாலு வயசுங்கய்யா.”

“எப்போது?”

“ரொம்ப வருஷமாச்சு. அந்தாளு செத்தும் போயிட்டான். யாருகிட்டயும் சொன்னதில்ல. எங்க வீட்டுக்காரர்கிட்டயும் சொன்னதில்ல.”

அவர் சொன்னார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை.

நீதிபதி கடிகாரத்தை விட்டு அவரைப் பார்த்தார். “இத்தனை வருஷம் கழித்து இப்போது ஏன் சொல்கிறீர்கள்?”

“கேட்டுட்டுதான் அனுப்புவீங்கன்னு எழுதிப் போட்டிருக்கீங்களேய்யா,” என்றார் வியாகுலம்மாள். “இதுவரைக்கும் யாரும் அப்படி எழுதிப் போடலியே.”

பெஞ்ச் கிளார்க் முந்தைய மனுக்களுக்கு எழுதியதை ஒரு தடவை பார்த்தார். பிறகு, ‘மனுதாரர் கேட்கப்பட்டார்’ என்று எழுதினார்.

அதன் பிறகு சேவலும் வரவில்லை, அப்பளமும் வரவில்லை. வரிசையில் நின்ற பெண்கள் கையிலிருந்த டோக்கனை மடித்து மடித்து விரித்தார்கள். அடுத்த பெண் வந்து, “நான் தண்ணி லாரியைப் பத்திச் சொல்லத்தான் வந்தேன்,” என்று ஆரம்பித்து, தண்ணீர் லாரியைப் பற்றிச் சொல்லவில்லை. அதற்கடுத்தவள் தன் முகத்தைப் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சுவரைப் பார்த்துத் திரும்பி நின்று பேசினாள். அரவிந்தவல்லி மாமி போய் மறுபடி ஒரு டோக்கன் வாங்கிக்கொண்டு வரிசையின் கடைசியில் நின்றார். எதற்கு என்று யாரும் கேட்கவில்லை. இளவேனிலின் சிரிப்பு எப்போது நின்றது என்று அவளுக்கே தெரியவில்லை. இதற்காக இல்லை அவள் இவர்களைக் கூப்பிட்டது.

வளவன் திண்டில் சாய்ந்து கொட்டாவி விட்டார்.

இங்கேதான் நம் நீதிபதியின் சட்டஞானம் வெளிப்பட்டது. அவர் சுற்றறிக்கையை வரவழைத்தார். வரி வரியாகப் படித்தார். வந்தோர் அனைவரும் கேட்கப்பட வேண்டும் என்று இருந்தது. ஒவ்வொருவராகக் கேட்கப்பட வேண்டும் என்று இல்லை; அதைச் சத்தமாகவே சொன்னார்.

“வரிசைப்படி என்று இருக்கிறதே,” என்றாள் வஹீதா எழுந்து.

“வரிசையை யாரும் கலைக்க வேண்டாம்,” என்றார் நீதிபதி. “வரிசையில் நின்றபடியே, மீதமுள்ள அனைவரும் ஒரே சமயத்தில் சொல்லலாம். நீதிமன்றம் கேட்கும். இரண்டு நிமிடம்.”

காத்தமுத்து கையை உயர்த்தி இறக்கினார்.

ஒரு குரல் ஆரம்பித்தது. அப்புறம் இன்னொன்று. அப்புறம் ஹால் முழுக்க. வீரராகவன் காதைப் பொத்திக்கொண்டார். நீதிபதி கண்ணை மூடி, தலையை ஒரு பக்கம் சாய்த்து, அக்கறையோடு கேட்டார். இளவேனிலுக்குத் துண்டு துண்டாகத்தான் விழுந்தது: டியூஷன், மாமா பையன், தேர்க் கூட்டத்துல, ஆபீஸ் லிஃப்ட்டு, அம்மாகிட்ட சொன்னேன் அறைஞ்சாங்க, ராத்திரி பஸ், அவருதான் இப்ப எங்க வீட்ல பெரியவரு. சொல்லுகிறவர்கள் பக்கத்தில் நிற்கிறவளுக்குக் கேட்குமே என்று தயங்கவில்லை. பக்கத்தில் நிற்கிறவளும் சொல்லிக்கொண்டிருந்தாள்.

“கேட்டோம்,” என்றார் நீதிபதி.

சத்தம் நின்றது. ‘மனுதாரர்கள் யாவரும் கேட்கப்பட்டனர்’ என்று எழுதப்பட்டது. நீதிமன்றம் கலைந்தது. சுவர்க் கடிகாரத்தில் ஆறு அடிக்க இன்னும் நேரமிருந்தது. வளவன் எழுந்து, சட்டையை நீவிவிட்டுக்கொண்டு, தண்டனையை முழுமையாக அனுபவித்தவராக வெளியே போய்க் காரில் ஏறினார். எட்டு மணிக்கு இட்லி சாப்பிட்டிருப்பார்.

மக்கள் நம்பிக்கை மீட்பு வாரம் மகத்தான வெற்றி என்று மேலிடத்துக்கு அறிக்கை போயிற்று. ஒரே நாளில் அத்தனை பெண்கள் நம்பி வந்த நீதிமன்றம் வேறு கிடையாதாம்.

அடுத்த வாரம் தீர்ப்பு நகல் வாங்குவதற்காக இளவேனில் போனபோது பேனர் மாறியிருந்தது. புறாவையும் தராசையும் காணோம். சிரித்த குடும்பம் மட்டும் அப்படியே இருந்தது. அதற்கு மேலே பெரிதாக ஒரு கொசு.

“போன வாரம் முடிஞ்சிருச்சும்மா,” என்றார் காத்தமுத்து. “இது கொசு ஒழிப்பு வாரம். நம்ம ஐயாவுக்குத்தான் கூடுதல் பொறுப்பு. கொசு கேஸெல்லாம் இங்கதான்.”

“கொசு கேஸுக்கு என்ன தண்டனை அண்ணே?”

“அதுல கருணையே கிடையாதும்மா. எவன் இடத்துல புழு இருக்கோ அவன் உள்ள. மேலேருந்து கண்டிப்பா சொல்லியிருக்காங்க. நாலு பேரை உள்ள தூக்கிப் போட்டாத்தான் பயம் வருமாம்.”

இளவேனில் நகல் வாங்க மறந்துபோனாள். பட்டறையின் பின்பக்கம் பழைய டயர்கள் குவிந்து கிடக்கும். மழை பெய்தால் ஒவ்வொன்றும் ஒரு குளம். ஸ்டோர் ரூம் ஜன்னலிலிருந்து பார்த்தால் நேராகத் தெரியும். அது அவளுக்கு நன்றாக நினைவிருந்தது. அன்றைக்கு அவள் பார்த்துக்கொண்டே இருந்தது அந்த டயர்களைத்தான்.

அவள் சுகாதார ஆய்வாளர் ஆபீஸுக்குப் போன் போட்டாள். யார் பேசுகிறீர்கள் என்று கேட்டார்கள். பெயரைச் சொன்னாள். அன்று மாலையே ஆய்வாளர் டயருக்குள் கரண்டியை விட்டு, ஒரு கண்ணாடிப் பாட்டிலில் சாட்சியைப் பிடித்துக்கொண்டு போனார்.

வெள்ளிக்கிழமை விசாரணை. அதே ஹால், அதே நீதிபதி, அதே வீரராகவன். மேஜை மேல் பாட்டில். உள்ளே புழுக்கள் நெளிந்துகொண்டிருந்தன.

“கனம் கோர்ட்டார் அவர்கள் சமூகத்தில்,” என்று ஆரம்பித்தார் வீரராகவன், “என் கட்சிக்காரர் சமூகத்தில் பெரிய மனிதர்.”

“கொசுவுக்கு அது தெரியுமா?” என்றார் நீதிபதி.

“அவருக்கு ஒரு எதிர்காலம்.”

“டெங்கு வந்தவருக்கு?”

வீரராகவன் வேறு வழியில் போனார். “தண்ணீர் தானாகத்தான் வந்து தேங்கியது. என் கட்சிக்காரர் அதை அழைக்கவில்லை. அந்த நேரத்தில் அந்தத் தண்ணீர் அங்கே ஏன் போனது என்பதையும் கவனிக்க வேண்டும்.”

நீதிபதிக்குக் கோபம் வந்துவிட்டது. “தேங்கிய தண்ணீரின் மேல் பழி போடுவதை இந்த நீதிமன்றம் ஒருபோதும் அனுமதிக்காது.”

“புகார் தாமதமாகத்தான்—”

“எப்போது சொன்னால் என்ன? புழு இருந்ததா, இல்லையா?”

“வெறும் ஒரே ஒரு தடவை—”

“ஒரு தடவை என்பதால் கடி கடியில்லையா?”

இளவேனில் ஆணி பெஞ்சில் உட்கார்ந்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் வாய் அசையாமல் உள்ளுக்குள் திருப்பிச் சொல்லிப் பார்த்தாள். ஆறு வருஷமாக யாராவது சொல்ல மாட்டார்களா என்று அவள் காத்திருந்த வாக்கியங்கள். ஒன்றுவிடாமல் வந்துகொண்டிருந்தன. பாட்டிலைப் பார்த்தாள். அந்தப் புழுக்கள் ஒரே ஒரு தடவைதான் கோர்ட்டுக்கு வந்தன. யாரும் அவற்றை மறுபடி மறுபடி கூண்டில் நிறுத்தவில்லை. என்ன உடுத்திக்கொண்டு போனாய் என்று கேட்கவில்லை.

ஒரு மாத மெய்க்காவல், இந்தத் தடவை ஜெயிலில். மேல்முறையீட்டுக்காகத் தண்டனையை நிறுத்திவைக்கச் சொல்லிக் கேட்டார் வீரராகவன். “மேல்முறையீடு முடியும்வரை கொசு காத்திருக்குமா?” என்றார் நீதிபதி. வளவன் உண்மையிலேயே திகைத்துப்போனார். போலீஸ்காரர் தோளைத் தொட்டபோது, “எதுக்கு?” என்று கேட்டார். அது நடிப்பில்லை. இதற்கு முன்பு எதற்கும் அவரை யாரும் அப்படித் தொட்டதில்லை. சாயங்காலம் வேன் கிளம்பியது. கார் காலியாக அரியமங்கலம் திரும்பியது.

“நீ கேட்ட ராத்திரி,” என்றாள் வஹீதா.

“ஆமாக்கா.”

“ஒண்ணுக்கு முப்பதாக் கிடைச்சிருக்கு.”

இளவேனில் தலையாட்டினாள். “கிடைச்சது எனக்கா, கொசுவுக்கா?”

வஹீதா பையை மூடிக்கொண்டாள்.

மறுநாள் பேப்பர்களில் ‘இரும்புக்கரம்’ என்று தலைப்பு வந்தது. போன வாரத் தீர்ப்பு அப்போது உள்பக்கத்தில், கபடிப் போட்டிக்குக் கீழே வந்திருந்தது. அதைப் படித்த ஆண்கள் டீயைக் குடித்துவிட்டுப் பேப்பரை மடித்து வைத்தார்கள். இதைப் படித்தவர்கள் டீயைப் பாதியில் வைத்துவிட்டு வீட்டுக்கு ஓடினார்கள். அரியமங்கலம் முதல் ஸ்ரீரங்கம் வரை தெருவுக்குத் தெரு ஆண்கள் குனிந்துகொண்டிருந்தார்கள். கொட்டாங்குச்சியைக் கவிழ்த்தார்கள். பூந்தொட்டித் தட்டைத் துடைத்தார்கள். ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் டார்ச் அடித்துப் பார்த்தார்கள். ஏர் கூலரை வெயிலில் காயவைத்தார்கள். சட்டம் என்றால் ஒரு பயம் வேண்டாமா என்று ஒருவருக்கொருவர் சொல்லிக்கொண்டார்கள்.

திருவெள்ளறையில் இளவேனில் பஸ்ஸை விட்டு இறங்கியபோது பக்கத்து வீட்டுச் சித்தப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மாட்டுத் தொட்டியைக் கவிழ்த்துக்கொண்டிருந்தார். ஆறு வருஷமாக அவளைப் பார்த்தால் வேறு பக்கம் திரும்பிக்கொள்கிறவர். இன்றைக்கு அவராகவே கூப்பிட்டார்.

“என்னம்மா, உன் கேஸ் என்னாச்சு?”

“முடிஞ்சிருச்சு சித்தப்பா.”

“அதை விடு. உங்க வீட்டு வாசல்ல ஒரு வாளி தண்ணியோட கெடக்கு. பொம்பளைப் புள்ளைங்க இருக்கற வீடு, முதல்ல அதைக் கவுத்து வை. நாளைக்கு ஒண்ணு கெடக்க ஒண்ணு ஆச்சுன்னா யாரு பதில் சொல்றது?”

இளவேனில் வேகமாகப் போய் வாளியைக் கவிழ்த்தாள். அடியில் ஈரம் தங்கியிருக்கிறதா என்று தடவியும் பார்த்தாள். சட்டத்தின் மேல் அவளுக்கும் நம்பிக்கை வந்துவிட்டிருந்தது.